கிதிர் முகம்மதுவின் புறாக்கூட்டுத் தரை

1976 ஜூலையில் சைகோனை விட்டுப் புறப்பட்ட விமானம் ஒன்றில் கிதிர் முகம்மதுவுக்கும் அவர் மனைவி ஜெய்த்தூன் பீவிக்கும் இடம் இருந்தது. அவர்கள் ஏறவில்லை. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று தூதரகத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாயாரோ முந்தைய வாரமே காரைக்கால் போய்ச் சேர்ந்து, நலம் என்று தந்தியும் அடித்திருந்தார். உண்மைக் காரணம், மாடியில் ஒரு பெட்டைப்புறா முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. குஞ்சு பொரிக்கப் பதினெட்டு நாள் வேண்டும். விமானம் பதினொன்றாம் நாளே வந்துவிட்டது. அரசாங்கம் மாறியதைவிட அந்த ஏழு நாள் வித்தியாசம்தான் அவருக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. குஞ்சு இரண்டு பொரித்தன. ஒன்றைப் பூனை தின்றது.

நான் சைகோன் பந்தயப் புறாக் கழகத்தின் பதிவேட்டை எழுதிய செட்டியார். கீழே வரும் தேதியும் நேரமும் அதிலிருந்து எடுத்தவை.

டோங் டு தெருப் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீடு. தகப்பனார் நடத்திய ஜவுளிக்கடை 1975க்குப் பிறகு கடையாக இல்லை. கிதிர் நடைபாதையில் ஒரு முக்காலி போட்டு, பிய்ந்த ஜிப்புகளை மாற்றிக் கொடுத்தார். பட்டு விற்ற குடும்பம் ஜிப்புக்கு இறங்கிவிட்டதே என்று சொந்தக்காரர்கள் பாரிஸிலிருந்து கடிதம் எழுதி வருத்தப்பட்டார்கள். கடிதத்தோடு வேறு எதுவும் வந்ததில்லை.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. ஆண்டுதோறும் ஆகஸ்டில், வடக்கே குயிஞோன் என்ற கடலோர ஊரிலிருந்து சைகோனுக்கு எங்கள் பெரிய பந்தயம். ஆளுக்கு ஒரு புறா. முதல் பத்துப் பேரின் பெயரை, நாங்கள் கூடும் காப்பிக்கடையில் ஒரு பலகையில் பெயின்டால் எழுதுவார்கள். 1991 முதல் 1996 வரை ஆறு பந்தயத்தில் அவருடைய மிகச் சிறந்த இடம் பதினான்கு.

"பலகையில பேரு வரணும் செட்டியாரே. மவுத்தாவுறதுக்குள்ள ஒரு தடவ. பத்தாவதா வந்தாக்கூடப் போதும்."

"பதினொண்ணு வந்தா?"

"வாய கழுவுங்க."

புறா நன்றாகப் பறந்தது. குறை முழுவதும் தரையில். ஈரமான கூட்டில் புறாவுக்குச் சளி பிடிக்கும். சளி பிடித்தால் குயிஞோன் மலையைத் தாண்டாது. சைகோன் மழையில் எது ஈரமாகாமல் இருக்கும்? அதோடு இன்னொரு தொல்லை. மாடியிலிருந்து இறங்கும் ஏணி வீட்டின் ஒரே அறையில், ஜெய்த்தூன் பீவி தொழுகைப் பாய் விரிக்கும் இடத்தருகே முடிந்தது. செருப்புச் சத்தத்துக்குப் புறா மிரளும் என்று இவர் வெறுங்காலோடுதான் கூட்டுக்குள் போவார். மதுஹபு என்னும் சட்ட வழிகளில் கடற்கரைத் தமிழ் முஸ்லிம்கள் ஷாஃபி வழிக்காரர்கள். அதில் புறா எச்சம் அசுத்தம். ஹனஃபி வழியில் புறாவுக்குச் சலுகை உண்டு என்று கிதிர் எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தார்.

"ஜெய்த்தூனு, நாம இனிமே ஹனஃபியா ஆயிட்டா என்னா?"

"ஓ, தாராளமா ஆவுங்க. எம் பாயி ஷாஃபி."

பள்ளிவாசலில் ஹாஜி முகம்மது என்ற பெரியவரிடம் போய் முறையிட்டார். அவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, "காஞ்ச எச்சம் காஞ்ச கால்ல ஒட்டாது தம்பி. மதுஹபு மாத்துறதுக்கு முன்னாடி தரைய மாத்திப் பாருங்களேன்" என்றார்.

மாற்றினார். முதலில் ஆற்று மணல். ஜூன் மழையில் அது களியாகி, மணலும் எச்சமும் ஜோடியாக ஏணி இறங்கி வந்தன. அடுத்து மரத்தூள். நான் மாடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணினேன்: பதினான்கு புறா, நாற்பத்தொரு தும்மல், அவர் தும்மியதைச் சேர்க்கவில்லை. பிறகு செய்தித்தாள். அது ஒருநாள்கூட நிற்கவில்லை. எச்சம் விழும் தாளில் எந்தத் தலைவரின் படம் மேல்பக்கம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் போனார். ஒன்றும் சொல்லாமல் போனதுதான் பயம். அதன்பின் தேங்காய் நார். ஒரு புறா காலில் சிக்கிக்கொண்டு, வீட்டில் கட்டிப்போட்ட ஆடுபோல நின்றது.

1997 ஜூன் 8ஆம் தேதி, குச்சி என்ற ஊரிலிருந்து பேருந்தின் கூரைமேல் நான்கு மூட்டை உமி வந்தது. அங்கே ஒரு பழைய நெல் ஆலையில் சும்மா கொடுத்தார்கள். சும்மா கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று கிதிர் கேட்கவில்லை. சும்மா கிடைப்பதைக் கேள்வி கேட்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

உமி அற்புதம் செய்தது. ஈரத்தை உறிஞ்சியது. எச்சம் உருண்டையாகக் காய்ந்தது. ஜெய்த்தூன் பீவி ஏணியடியில் நின்று அவர் உள்ளங்காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்து, குறை எதுவும் கிடைக்காததால் பாயை விரித்துக்கொண்டார்.

அதைவிட ஓர் அதிசயம். புறாக்கள் தீனியைக் குறைத்துக்கொண்டன. பதினான்கு புறாவுக்கு ஒரு நாளைக்கு 420 கிராம் சோளமும் பயறும் ஆகும். ஜூன் மூன்றாம் வாரம் அது 290 ஆகியிருந்தது.

"பாத்தீங்களா செட்டியாரே? தர சுத்தமானதும் அல்லாவோட பரக்கத் எறங்கிடுச்சு."

"130 கிராம் பரக்கத்தா?"

"நீங்க எட போடுங்க. அது ஒங்க தலையெழுத்து."

உமியில் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்திருக்கலாம். அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. என் பதிவேட்டில் உமிக்குக் கட்டம் கிடையாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. காலை 5.45க்குக் குயிஞோனில் முப்பத்தெட்டுப் புறாவைத் திறந்துவிட்டார்கள். எங்கள் விதிப்படி, புறா வீட்டுக்கு மேலே வந்தால் வந்ததாகாது. கூட்டுக்குள் நுழைய வேண்டும். காலில் போட்ட ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கடிகாரப் பெட்டிக்குள் போட வேண்டும். பெட்டி அடிக்கும் நேரம்தான் நேரம். கிதிர் வீட்டுப் பெட்டியோடு அன்று நான்தான் மாடியில் உட்கார்ந்திருந்தேன்.

12.31க்குப் பேகம் வந்தது. பேகம் என்பது அவருடைய சாம்பல்நிறப் பெட்டை. அதுவரை வேறு எந்த மாடியிலும் புறா இறங்கவில்லை என்பது பின்னால் எல்லாப் பெட்டிகளையும் திறந்தபோது தெரிந்தது. கிதிருக்குத் தெரியாமலே அவர் முதலாவது. பேகம் எதிர்வீட்டுத் தகரக் கூரையில் இறங்கி, இறகு கோதத் தொடங்கியது.

கிதிர் தகர டப்பாவில் சோளத்தைப் போட்டுக் குலுக்கினார். டப்பாச் சத்தம் கேட்டால் பசித்த புறாக்கள் கூட்டுக்குள் முட்டிமோதும்; அந்தக் கூட்டத்தைப் பார்த்து வெளியே இருப்பதும் பாய்ந்து வரும். இது உலகம் முழுக்க நடப்பது. அன்று கூட்டுக்குள் பதின்மூன்று புறாக்களும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருந்தன. ஒன்று மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, டப்பாவைப் பார்த்து, மூடிக்கொண்டது.

"வா தாயே, வா. பே... பே... எங்கண்ணு, உள்ள வாடி!"

பேகத்துக்கும் டப்பாமேல் இரண்டு மாதமாக மரியாதை இல்லை.

"செட்டியாரே, வீட்டுக்கு வந்தது வந்ததுதானே? நீங்க கண்ணால பாத்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"அப்ப எழுதுங்க."

"பெட்டி பார்க்கலையே."

எதிர்வீட்டு வியட்நாமியப் பெண் துடைப்பத்தை எடுத்து, கூரைத் தகரத்தைக் கீழிருந்து ஓங்கித் தட்டினாள். பேகம் இரண்டடி தள்ளி உட்கார்ந்தது. கிதிர் தொழுதார், திட்டினார், அழவும் தயாரானார். 1.12க்குப் பேகம் தானாக எழுந்து, நிதானமாக உள்ளே வந்து, டப்பாவைத் தாண்டி நடந்து, உமியைக் கிளறிக் கொத்தத் தொடங்கியது.

வளையத்தைக் கழற்றக் குனிந்தபோதுதான் இருவரும் பார்த்தோம். உமியோடு உமியாக வெள்ளை வெள்ளையாய் நொய். ஆலையின் சல்லடை கிழிந்திருந்திருக்க வேண்டும். இரண்டு மாதமாகப் புறாக்கள் சாப்பாட்டின்மேலேயே படுத்து எழுந்துகொண்டிருந்தன.

பெட்டி அடித்த நேரம் 1.13. இடம் பதினொன்று. பத்தாவது ஆளுக்கும் அவருக்கும் வித்தியாசம் இரண்டு நிமிடம் பதினான்கு விநாடி. நான் முன்பு விளையாட்டாகச் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை.

கழகத்தில் எல்லோரும் உமியைக் கொட்டச் சொன்னார்கள். மார்செல் என்ற பாண்டிச்சேரிக்காரர், பந்தயத்தில் இருபதுக்குள் வந்தறியாதவர், வெறும் மரப்பலகைத் தரைதான் உலகத் தரம் என்று அரைமணி நேரம் விளக்கினார். கிதிர் கொட்டவில்லை. மரப்பலகையில் எச்சம் ஒட்டும், எச்சம் காலில் ஒட்டும், காலுக்குக் கீழே ஷாஃபி பாய். சல்லடை ஒன்று வாங்கினார். தினமும் ஜிப் வேலை முடிந்ததும் மாடியில் உட்கார்ந்து உமியைச் சலித்தார். சலித்ததை ஜெய்த்தூன் பீவி முறத்தில் போட்டுப் புடைத்தார். ஊரில் நெல் புடைக்க ஆள் வைத்திருந்த வீட்டுப் பெண் அவர். புறா நடக்கும் உமியை சைகோன் மொட்டைமாடியில் புடைத்தார்.

"ஒரு குருண கூட இருக்கக்கூடாது ஜெய்த்தூனு."

"சோத்து அரிசில கல்லு கெடந்தப்ப இந்த அக்கற எங்க போச்சு?"

1998 ஜூலைக்குள் தீனி மறுபடி 420 ஆனது. பரக்கத் போய்விட்டதே என்று நான் கேட்கவில்லை. கேட்க நினைத்தேன்.

ஆகஸ்ட் 16 பந்தயத்திலும் முப்பத்தெட்டுப் புறா. அன்று வழியில் புயல் மழை. மாலை வரை நாங்கள் மாடியில் நனைந்தோம். 4.50க்குப் பேகம் வந்தது. டப்பாவை ஒருமுறை குலுக்கினார். உள்ளே இருந்தவை ஒன்றன்மேல் ஒன்று ஏறின; பேகம் கூரையைத் தொடவே இல்லை. வானத்திலிருந்து பெட்டிவரை பதினோரு விநாடி.

இடம் ஒன்பது. பலகையில் ஒன்பதாவது வரியில் அவர் பெயரை எழுதினார்கள். பத்தாவது வரி காலி. ஏனென்றால் அன்று வீடு வந்து சேர்ந்த புறாக்களே ஒன்பதுதான். இந்த விவரத்தைக் கிதிர் யாரிடமும் சொன்னதில்லை. நான் சொல்லியாக வேண்டும். பதிவேட்டில் அதற்குக் கட்டம் இருக்கிறது.

அன்றிரவு அவர் வீட்டிலும் சொன்னேன். கிதிர் என்னைப் பார்த்த பார்வையைப் பேகம் பார்த்திருந்தால் பறந்துவந்து என் கண்ணைக் கொத்தியிருக்கும். ஜெய்த்தூன் பீவி தேநீரை வைத்துவிட்டுக் கேட்டார்:

"வராதது எத்தன?"

"இருபத்தொன்பது."

"அப்ப இவங்க இருபத்தொம்போது பேர ஜெயிச்சிருக்காங்க. அதையும் எழுதிக்குங்க."

கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.