ஸ்பீக்கருக்குக் குறுக்கே நடந்தவன்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் மின்சாரப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விநோதமான சத்தம் கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறதா, வைண்டிங் கருகியிருக்கிறதா என்றுதான் புத்தி போகும். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் குற்றமில்லை, இதையே இன்னொருவர் சொல்லி நான் கேட்டிருந்தால் முகத்துக்கு நேரே சிரித்திருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எங்கள் ஒரே பையன் கார்த்தி அப்போது இன்ஜினியரிங் கடைசி வருஷம். மற்ற பிள்ளைகள் பாட்டுக் கேட்பார்கள், இவன் சத்தத்தைக் கேட்பான். முன்னறையில் அவனே பற்றவைத்துச் செய்த ஆம்ப்ளிஃபயர், ப்ளைவுட்டை அறுத்து ஒட்டிய இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், யாரிடமோ கெஞ்சி வாங்கிய பழைய சிடி பிளேயர். இன்னும் ஒரே ஒரு பெட்டிதான் வேண்டும் என்பான். டிஏசி என்று பெயர். சிடிக்குள் இருப்பதெல்லாம் வெறும் எண்கள்தானாம், அதைக் காதுக்கான ஒலியாக மாற்றுகிற வேலையைப் பிளேயரே அரைகுறையாகச் செய்துவிடுகிறதாம், அதற்கென்று தனிப்பெட்டி வைத்தால் வீணை வாசிக்கிறவர் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடத் தெரியுமாம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தாய்மாமன் பழனிசாமியிடம் சொல்லிவைத்திருந்தான்.

எங்கள் வீட்டு அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முன்னறைக்கு இடதுபக்கம் சமையலறை, வலதுபக்கம் பொடக்காளிக்குப் போகிற கதவு. பொடக்காளி என்றால் வீட்டின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி அங்கேதான். என் மனைவி சரஸ்வதி பாத்திரம் கழுவப் போனாலும் துணி எடுக்கப் போனாலும் ஸ்பீக்கர்களுக்கு முன்னால் நடந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவன் கத்துவான்.

“அம்மா, குறுக்க போகாதீங்கம்மா! சத்தம் மங்குதுங்கம்மா!”

“ஏங்கண்ணு, நானென்ன செவுரா? சத்தம் என்னையத் தாண்டி வராதா?”

“செவுரா இருந்தாப் பரவால்லீங்களே, நீங்க கோட்டை.”

“உன்ற வாய்க்கு இன்னிக்கு ராத்திரிக்குச் சோறு கெடையாது, போ!”

அந்த மழைக்காலத்தில்தான் எங்களை விட்டுப் போனான். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில், மாமன் வீட்டுத் தென்னந்தோப்பிலிருந்து பைக்கில் திரும்பும்போது, விடிகிற நேரம், தூறல். ஏதோ ஒரு லாரி. நிற்காமல் போய்விட்டது. இன்றுவரை எந்த லாரி என்று தெரியாது.

சரசு அழவில்லை. இழவு வீட்டில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதபோதும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பேச்சும் நின்றது. தட்டில் போட்டுக் கையில் கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிடுவாள், மறந்தால் அப்படியே இருப்பாள். ஒன்றைப் பறிகொடுத்தாகிவிட்டது, இவளையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று ஆபீசிலிருந்து மத்தியானமே ஒரு தடவை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவேன். ஒரே ஒரு தடவை, என் தம்பி மனைவியோடு ஆனைமலை மாசாணியம்மன் கோவிலுக்குப் போய்வந்தாள். நியாயம் கேட்கிறவர்கள் அங்கே மிளகாய் அரைத்து, அம்மனாகவே கும்பிடுகிற நீதிக்கல்லில் அப்புவார்கள். யாரை நினைத்து அரைக்கிறோமோ அவர்கள் உடம்பு எரியும் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் திரும்பப் போய் எண்ணெய்க் காப்புச் செய்து அம்மனைக் குளிர வைக்க வேண்டும். லாரிக்காரனுக்காகத்தான் அரைத்திருப்பாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். யாரும் கேட்கவில்லை.

தை பிறந்ததும் பழனிசாமி லீவில் வந்தான். பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தவன் மேஜையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

“மச்சான், வேண்டாம்னு சொல்லுங்க, திருப்பிக் கொண்டுபோயர்றனுங்க. மாப்ளை கேட்டானேன்னு அப்பவே வாங்கி வெச்சது. பாக்கவே மனசு கேக்கலீங்.”

நான் வாங்கிக்கொண்டேன். பையன் பாதியில் விட்ட வேலை, அப்பன் முடிக்கிறேன். அவ்வளவுதான் என் எண்ணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இணைத்தேன். கார்த்தி எப்போதும் சோதித்துப் பார்க்கிற வீணைக் கச்சேரி சிடியைப் போட்டேன். அவன் சொன்னது பொய்யில்லை. இதே சிடியை நூறு தடவை கேட்டிருப்பேன், அன்றுதான் தந்தியில் விரல் உரசுகிற சத்தம் தனியாகக் கேட்டது. வீணை நடுவில், கடம் கொஞ்சம் தள்ளி, தாளம் போடுகிறவர் ஓரத்தில். அவனுக்கு இதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் சரசு சமையலறையிலிருந்து தானாக வந்து சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

அப்போதுதான் இடதுபக்க ஸ்பீக்கர் மங்கியது. சத்தம் குறையவில்லை, மங்கியது. தாளத்தின் அந்தக் கூர்மை மட்டும் மழுங்கியது, முன்னால் ஒரு ஆள் வந்து நின்றது போல. பிறகு இடது சரியாகி வலது மங்கியது. பிறகு அதுவும் தெளிந்தது. ஒரு ஆள் நடந்து கடக்கிற நேரம்தான்.

லூஸ் கனெக்‌ஷன் என்று எழுந்தேன். அப்போது சரசு நீட்டியிருந்த காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டாள், யாராவது கடக்கும்போது நாம் ஒதுங்குவோமே, அப்படி. இழுத்துக்கொண்டு, பொடக்காளிக் கதவைப் பார்த்துச் சொன்னாள்:

“பாத்துப் போ கண்ணு.”

கார்த்தி போனதற்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

நான் செய்யாத சோதனை இல்லை. ஒயரை மாற்றினேன், வோல்டேஜ் பார்த்தேன். கடைசியில் இடது வலது இரண்டையும் ஆம்ப்ளிஃபயரில் மாற்றிச் செருகினேன்; ஒரு பக்கத்துச் சர்க்யூட்டில் கோளாறு என்றால் மங்குகிற வரிசையும் மாற வேண்டும். மாறவில்லை. அடுத்த நாளும் சமையலறைப் பக்கம் முதலில், பொடக்காளிப் பக்கம் பிறகு.

தினமும் சாயங்காலம் நடந்தது. சரசு தலை வாரினாள். சாப்பிட்டாள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசிச் சிரித்தாள். உண்மையைச் சொல்கிறேன், நானும் ஆபீஸ் விட்டதும் ஓடி வர ஆரம்பித்தேன். படித்தவன், பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும், அந்தச் சத்தம் மங்குகிற நொடிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்படியே இருந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

ஆனால் போகப்போக அந்த நடை மாறியது. வேகமானது. ஒரு தடவை போவதற்குப் பதில் திரும்பத் திரும்ப, ஒரு பாட்டுக்குள்ளேயே நாலைந்து முறை. எல்லாம் இடதிலிருந்து வலதுக்குத்தான், ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. ஒரு நாள் சரசு பாதியில் எழுந்து பொடக்காளிக் கதவருகே போய் நின்றாள். திரும்பியபோது முகம் வெளிறியிருந்தது.

“ஏனுங்க, அவன் தண்ணித் தொட்டிக்குத்தான் போறானுங்க.”

“எதுக்கு?”

“எரியுதுங்க அவனுக்கு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அப்படியே கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“லாரிக்காரனுக்காவ நான் அரைக்கலீங்க. அவனுக்கும் புள்ளகுட்டி இருக்குமல்லங்க. என்ற பையன ஒருக்கா ஊட்டுக்கு அனுப்பு தாயின்னு, அவன் மொகத்த நெனச்சுத்தான் மொளகாய் அரைச்சுப்போட்டனுங்க. அம்மங்கிட்ட வேற எப்படிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரீலீங்க.”

எரியும், எரியாது, இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் வீணை ஓடிக்கொண்டிருந்தது. இடது மங்கி, வலது மங்கியது.

“எண்ணெய் வெச்சுட்டா வரமாட்டான் சரசு,” என்றேன். அதைச் சொன்னது அவளுக்காகவா எனக்காகவா என்று இப்போதும் தெரியவில்லை.

அவள் கதவுநிலையைப் பிடித்தபடியே எழுந்தாள்.

“வராட்டிப் போறானுங்க. எரிய வேண்டாமுங்க.”

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடித்தோம். வழியில் கிணத்துக்கடவு வந்தபோது அவள் என் கையைப் பிடித்தாள், நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. ஆனைமலையில் நல்லெண்ணெய் வாங்கி, ஒரு சொட்டு மீதியில்லாமல் அம்மனுக்குக் கொடுத்தோம். சுற்றிலும் கூட்டம், மிளகாய் நெடி. யாரோ பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போல அவள் சொன்னாள்: “கேட்டதக் குடுத்துட்டே தாயி. போதும். என்ற பையன விட்டுரு.”

சாயங்காலம் வீடு திரும்பியதும் அவளே போய் சிடியைப் போட்டாள். காலை நீட்டி உட்கார்ந்தாள். வீணை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சுத்தமாகக் கேட்டது. எங்கும் மங்கவில்லை. அந்தப் பெட்டி எவ்வளவு நல்ல பெட்டி என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது, அவ்வளவு தெளிவான சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்க விரும்பவில்லை. கடைசிப் பாட்டு முடிந்தது. நீட்டிய கால் நீட்டியபடியே இருக்க, சரசு அழ ஆரம்பித்தாள். தெரு முழுக்கக் கேட்கிற அழுகை. எத்தனையோ நாளாக எதிர்பார்த்திருந்த அழுகை, வந்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

முகம் கழுவலாம் என்று பொடக்காளிக்குப் போனேன். தொட்டித் தண்ணீரில் கையை வைத்தவன் எடுத்துவிட்டேன். வழவழப்பு. விளக்கைப் போட்டுப் பார்த்தால் தண்ணீர் மேல் எண்ணெய் படலமாக மிதக்கிறது. முகர்ந்தேன், நல்லெண்ணெய். நாங்கள் இருவரும் தேங்காயெண்ணெய்தான். வீட்டில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவன் அவன் ஒருவன்தான், அதுவும் சனிக்கிழமைதான். வீடு காலையிலிருந்து பூட்டியிருந்தது. பொடக்காளிக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது, நான்தான் திறந்தேன்.

சரசு பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். அவள் பயப்படவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவசரத்துல சீயக்காய் எடுத்து வெக்காமப் போயிட்டமேங்க, வெறும் தண்ணில எண்ணெய் எப்படிப் போகும்?” என்றாள்.

இப்போதும் சனிக்கிழமை காலையில் தொட்டி ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் சீயக்காய்த் தூள் வைக்கிறாள். சாயங்காலம் அந்தக் கிண்ணத்தைக் கழுவி உள்ளே எடுத்து வைப்பதும் அவள்தான். அதில் மிச்சம் இருந்ததா என்று நான் இதுவரை கேட்டதில்லை.