கருத்துக் கேட்புக் கூட்டத்து மைக்செட்காரர்

எங்கள் தெருவில் ஒரு மனிதர் இருக்கிறார். சமீபகாலம் வரை, பத்தொன்பது வருடம், நகராட்சி நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. ஊர்மேல் அவ்வளவு அக்கறையா என்று வியந்துவிடாதீர்கள். மைக்செட் அவருடையது.

கருத்துக் கேட்பு என்றால் என்னவென்று தெரியாத புண்ணியவான்களுக்குச் சொல்கிறேன். ஒரு கம்பெனி அடுக்குமாடி கட்டுவதென்றால் அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் நம்மைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டுமாம். கேட்பார்கள். வேலைநாளில், காலை பதினோரு மணிக்கு, எவனும் லீவு போட முடியாத நேரமாகப் பார்த்துக் கேட்பார்கள். மேசைமேல் அட்டையில் செய்த கட்டடம் நிற்கும், சுற்றிலும் பிளாஸ்டிக் மரங்கள். கையில் ஒரு படிவம் கொடுப்பார்கள். கட்டடம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி அதில் இருக்காது. மதில்சுவருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று இருக்கும். மூன்று நிறத்தில் ஒன்றுக்கு டிக் போடலாம். அடடா, என்ன தாராள மனசு!

மைக்செட்காரர் தொழிலுக்கு வந்த புதிதில், அதிகாரி கையைக் காட்டியதும் பேசிக்கொண்டிருந்தவரின் மைக்கைப் பட்டென்று அணைத்துவிட்டார். பேசியவர் சும்மா விடுவாரா? நாற்காலி பறந்தது. அதற்குப் பிறகுதான் அந்த வித்தையைக் கண்டுபிடித்தார். அதிகாரி பேனாவை மூடினால் 'பேசியது போதும்' என்று அர்த்தம் எனப் புரிந்துகொண்டு, ஆம்ப்ளிபயர் பெட்டியின் ஒலித் திருகை மெல்ல மெல்லக் குறைப்பார்.

"பேசுறவனுக்கு மைக் போச்சுன்னே தெரியாது, தம்பி. தன் தொண்டைதான் போச்சுன்னு நெனச்சுக்குவான். ரெண்டு இருமல், ஒரு வாய் தண்ணி, உக்காந்துடுவான். சண்டையே கிடையாது" என்று ஒருநாள் என்னிடம் பெருமையடித்துக்கொண்டார். "வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க, அவ பிச்சுடுவா."

நானும் சிரித்தேன். யாரோ முன்பின் தெரியாதவன் தொண்டைதானே.

அவர் வீட்டில் அடுப்பு எரிவது மைக்செட்டால் அல்ல. அக்கா, அதாவது அவர் மனைவி, இரண்டு தங்கும் விடுதிகளுக்குப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கிறார். தினம் அறுபது விரிப்பு. மொட்டைமாடியில் எட்டுக் கொடி. காலை ஏழு மணி வெயிலில் போட்டால் பதினொன்றுக்குக் காய்ந்துவிடும், தேய்த்து மடித்து இரண்டு மணிக்குள் விடுதியில் சேர்த்தாக வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினாலும் விடுதி மேனேஜர் போன் போட்டுக் குதிப்பார்.

அந்த வீட்டுக்குக் கிழக்கே இருந்த காலி மனையில் பதினான்கு மாடி வருகிறது என்று தெரிந்தபோது அக்கா கணக்குப் போட்டுப் பார்க்கக்கூட இல்லை. மாடியில் நின்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். "பன்னெண்டு மணி வரைக்கும் எனக்கு வெயிலே கிடையாது" என்றார்.

தெருவே கூடி அக்காவைத்தான் பேசச் சொன்னது. வேறு யார் பேசுவது? நான் வாயைத் திறந்தால் எனக்கே கேட்காது. அக்கா இந்த மாடியிலிருந்து கூப்பிட்டால் தெருக்கோடியில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான்.

கூட்டத்துக்கு நான் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். இடமில்லாமல் மைக்செட் பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். அக்கா எழுந்தார். பயமே இல்லை. "ஐயா, எனக்கு மதில்சுவரு என்ன நிறமா இருந்தா என்ன? எனக்கு வேண்டியது காலை வெயில். நீங்க அஞ்சு மாடியோட நிறுத்துங்க, நான் வாயே திறக்க மாட்டேன்" என்றார். கூட்டம் கைதட்டியது. கம்பெனிக்காரர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பேனாவை மூடினார்.

நான் பெட்டியைப் பார்த்தேன். திருகில் இருந்த மைக்செட்காரரின் கை நகர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. அவர் கண் மனைவி மேலேயே இருந்தது, பெருமையில் முகம் மலர்ந்திருந்தது. கை மட்டும் பத்தொன்பது வருடப் பழக்கத்தில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அக்கா குரலை உயர்த்தினார், தொண்டையைப் பிடித்துக்கொண்டார், இருமினார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அப்போதுதான் அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். அவசரமாகத் திருகைத் திருப்பினார். அதற்குள் அக்கா உட்கார்ந்துவிட்டார்.

நானாவது எழுந்து கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை அரிக்கிறது.

மூன்று மாதம் கழித்து அறிக்கை வந்தது. பொதுமக்கள் ஆர்வத்துடன் பங்கேற்றார்களாம். பெரும்பான்மையோர் வெளிர்பச்சை மதிலை விரும்பினார்களாம். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "பெண்மணி ஒருவர் வெயில் குறித்துப் பேசினார், ஒலிப்பதிவில் அவர் குரல் தெளிவாக இல்லாததால் கருத்தைப் பரிசீலிக்க இயலவில்லை."

கட்டடம் ஒன்பதாவது மாடியைத் தொட்டபோது ஒரு விடுதி கைவிட்டது. இன்னொன்று இந்த மாதத்தோடு சரி என்று சொல்லிவிட்டது. நேற்று மாலை போனேன். அக்கா ஈர விரிப்பைக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே விரித்துக்கொண்டிருந்தார். மைக்செட்காரர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நகராட்சி கூப்பிட்டால் அவர் போவதில்லை, முதுகுவலி என்கிறார்.

"என் தொண்டையை நம்பித்தான் தெருவே வந்துச்சு" என்றார் அக்கா என்னிடம். "அந்த நேரம் பாத்துக் காலை வாரிடுச்சு, தம்பி. ஒழுங்கா பேசியிருந்தா எழுதியிருப்பாங்க இல்ல?"

நான் மைக்செட்காரரைப் பார்த்தேன். அவர் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"நீங்க பெட்டிகிட்டயே இருந்தீங்களே, சொல்லுங்க" என்று அக்கா அவரிடம் திரும்பினார். "என் குரல் கடைசி வரைக்கும் கேட்டுச்சா?"

"நல்லா இருந்துச்சும்மா. உன் குரல்ல ஒரு குறையும் இல்ல" என்றார் அவர். குனிந்து விரிப்பை இன்னொருமுறை இழுத்துவிட்டார்.

"சும்மா இருங்க" என்றார் அக்கா, பாவம், அவரைத் தேற்றுவதுபோல. "எனக்கு மனசு நோகக்கூடாதுன்னு பொய் சொல்றீங்க."