கை நனைக்காத வீடு

என் கணவர் ஜெர்மனியில் பட்டினி கிடந்த கதை ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்கத் தெரியும். லிஃப்டில் ஏறுகிறவர்களைப் பிடித்து வைத்துச் சொல்லுவார். "அந்த ஊர் சாப்பாட்டை மனுஷன் சாப்பிடுவானாங்க? எல்லாம் ஜில்லுனு இருக்கும். உப்பு இல்ல, ஒரைப்பு இல்ல. பத்து நாள் வயித்தக் கட்டிக்கிட்டு வந்தேன்." கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். நான் பக்கத்தில் காய்கறிப் பையுடன் நின்றுகொண்டிருப்பேன். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் பொய்.

வெளி ஊர் சாப்பாடு, வேற்று ஆட்கள் என்றால் அவருக்கு ஆகாது என்பது உண்மைதான். மதுரைக்குப் போனாலே தண்ணீர் சரியில்லை என்பார். ஆனால் நாக்கை அடக்கத் தெரிந்த மனிதர் அல்ல. எங்கள் குடியிருப்பில் எல்லோரும் சைவம். வீட்டை வாங்கும்போது நாங்களும் சைவம் என்று சொல்லித்தான் உள்ளே நுழைந்தார். இன்றைக்கும் மாதத்தில் இரண்டு மூன்று நாள் பேங்க் வேலை என்று கிளம்பி, தென்னூரில் மட்டன் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பாக்கு மென்றுகொண்டே காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்து சேருவார். எதிர்வீட்டு மாமா அவரைப் பரம பக்தர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்க ஜெர்மனிக்குப் போகவில்லை. மகன் அங்கே வேலை பார்க்கிறான். கூட வேலை செய்யும் அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். தாலியைக் கட்டிவிட்டு போட்டோ அனுப்புகிற பிள்ளை இல்லை அவன். "அப்பா வந்து பார்க்கட்டும்மா. அவர் சம்மதிச்சாத்தான் தேதி குறிக்கிறதுன்னு அவகிட்டயும் சொல்லிட்டேன்" என்றான். டிக்கெட்டும் அவனே போட்டான். வேறு யாராக இருந்தாலும் இப்படி ஒரு பிள்ளையா என்று பூரித்துப் போயிருப்பார்கள். இவர் பிடி தன் கையில் இருப்பதாக எடுத்துக்கொண்டார்.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், அப்பளம், சின்ன ரைஸ் குக்கர் என்று ஒரு பெட்டி நிறையக் கட்டினேன். ஏர்போர்ட்டில் அதைத் தூக்கிய மகன், "மளிகைக் கடையே வந்திருக்குபோல" என்று சிரித்தான். அந்தப் பயணத்தில் அவன் சிரித்தது அநேகமாக அவ்வளவுதான்.

பெண்ணுக்கு அம்மா மட்டும்தான். என் வயது இருக்கும். ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. குடியிருப்பில் சொல்கிற மாதிரி அங்கேயும் சைவம் என்றே இவர் சொல்லி வைத்திருந்ததால், எங்களுக்காகக் கறியே இல்லாமல் சமைத்திருந்தார். உருளைக்கிழங்கு, ரொட்டி, ஏதோ ஒரு சூப், ஆப்பிள் போட்ட கேக். மேஜைக்கு நடுவில் பூ வைத்திருந்தார். இவர் உட்கார்ந்து, வயிற்றைத் தடவிக்கொண்டு, பிரயாணம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். டீ மட்டும் குடித்தார். எனக்கும் அந்தச் சூப் இறங்கவில்லை என்பதால் நானும் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டு நேரத்தைக் கடத்தினேன். வெளியூர்ச் சாப்பாடு என்றால் அப்பாவுக்கு வருகிற வழக்கமான பயம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று மகனைச் சமாதானப்படுத்தியதும் நான்தான்.

மூன்று நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். அந்த அம்மா வீடியோ பார்த்து சாம்பார் வைத்திருந்தார். கறி சமைத்த பாத்திரமாக இருந்தால் எங்களுக்கு ஆகாதோ என்று புதுச் சட்டி வாங்கியிருந்தார். அதை எங்களுக்குக் காட்ட ஒட்டியிருந்த லேபிளைக்கூடக் கிழிக்காமல் வைத்திருந்தார். சாம்பார் கொஞ்சம் இனித்தது. துவரம் பருப்பு வேகவில்லை. ஆனால் அது சாம்பார் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இவர், "இன்னிக்கு நான் விரதம்" என்றார். மகன் அவரையே பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் விரதம் இருந்து நான் பார்த்ததில்லை.

சாப்பிட அடம்பிடிக்கிற கிழவர்களைத் தினமும் பார்க்கிறவர் அந்த அம்மா. இவரும் அப்படி ஒருவர் என்று முடிவு செய்துவிட்டார். உருளைக்கிழங்கைக் குழைய மசித்துக் கிண்ணத்தில் எடுத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு ஸ்பூன் அள்ளி நீட்டினார். இவர் கிண்ணத்தைப் புறங்கையால் தள்ளினார். அது மேஜையில் சரிந்து, மசியல் விரிப்பில் கொட்டியது. அந்த அம்மா கோபப்படவில்லை. துடைத்துக்கொண்டே மகளிடம் ஏதோ கேட்டார். மகன் எனக்குச் சொன்னான், "வயசானவங்க இப்படிச் சாப்பாட்டை வெறுத்தா டாக்டர்கிட்ட காட்டணும்னு சொல்றாங்கம்மா." அந்த அம்மா உண்மையாகவே கவலைப்பட்டார். எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் மகன் வேலைக்குப் போய்விட்டான். நாங்கள் இருவரும் ரயில் நிலையம் வரை நடந்தோம். ஒரு கடையில் ரொட்டிக்கு நடுவில் நீளமாக ஒரு கறித்துண்டை வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். இவர் விரலைக் காட்டி ஒன்று வாங்கி, நின்றபடியே தின்றார். கடுகுச் சாறு மோவாயில் வழிந்தது.

"என்னங்க இது? என்ன கறின்னு தெரியுமா?"

"பன்னி. நல்லாத்தான் இருக்கு. நீ ஒரு கடி பாக்குறியா?"

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. எங்கள் சொந்த ஊரான லால்குடிப் பக்கத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில் சம்பந்தம் முடிவாகும்வரை கை நனைக்க மாட்டார்கள். காபி, தண்ணீர் பரவாயில்லை. உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதித்த மாதிரி. பிடிக்கவில்லை என்று வாய் திறந்து சொல்லி யார் மனதையும் நோகடிக்க வேண்டாம், சாப்பிடாமல் எழுந்து வந்தால் அவர்களே புரிந்துகொள்வார்கள். அந்த நாகரிகத்துக்காக வந்த பழக்கம் அது. அதைத்தான் இந்த மனிதர், அப்படி ஒரு பழக்கம் இருப்பதே தெரியாத ஒருத்தியிடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"அப்ப வயித்துக்கு ஒண்ணுமில்ல. அந்த வீட்ல மட்டும்தான் சாப்பிட மாட்டீங்க."

"கை நனைச்சா சம்மதம்னு ஆயிடும்ல."

"பிடிக்கலைன்னா அவன்கிட்ட சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"சொன்னா நான் வில்லன் ஆயிடுவேன். நாளைக்கு யார் கேட்டாலும், நான் எங்க சம்மதிச்சேன், ஒரு வாய்கூடச் சாப்பிடலையேன்னு சொல்லிக்கலாம். பழி வயித்தோட போயிடும்." பேப்பரைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுக் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டார். மகன் வீட்டுக்கு வந்து புளிக்காய்ச்சல் சோறும் ஒரு தட்டு தின்றார். முப்பத்துமூன்று வருஷம் இந்த ஆளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு வந்த வெறுப்பு அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் கடைசி விருந்து. அந்த அம்மா சாம்பாரைக் கைவிட்டுவிட்டு, மகளின் பிறந்தநாளுக்குச் செய்கிற சமையலைச் செய்திருந்தார். உருளைக்கிழங்கு உருண்டை, புளிக்க வைத்த முட்டைக்கோஸ். எல்லோர் தட்டிலும் அவரே பரிமாறினார். இவர் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

மகன் மெதுவாகத் தமிழில் ஆரம்பித்தான். அவனும் லால்குடியில் பெண் பார்க்கப் போகிற காரில் ஏறி வந்து வளர்ந்தவன்தானே, அவனுக்கும் புரிந்திருந்தது.

"அப்பா, ஒரு வாய் சாப்பிடுங்கப்பா. எனக்காக."

"பசிக்கலப்பா."

"பசிக்காகச் சாப்பிடச் சொல்லல."

"அதான் தெரியுதே. அப்புறம் எதுக்குக் கேக்குற?"

அந்த அம்மாவும் பெண்ணும் ஒன்றும் புரியாமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் முள்கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையாலேயே எடுத்துச் சாப்பிட்டேன். அந்த முட்டைக்கோஸ், மூடி வைத்து மறந்துபோன பொரியல் மாதிரி நாறியது. குமட்டலை அடக்கிக்கொண்டு தட்டைக் காலி செய்தேன். மகனைப் பார்த்து, "நான் கை நனைச்சிட்டேன்டா. உங்க அம்மாவுக்குச் சம்மதம்" என்றேன்.

இவர் ஜன்னலிலிருந்து திரும்பவே இல்லை. "பொம்பளைங்க கை நனைச்சா அது கணக்குல வராது" என்றார்.

அப்பா என்ன சொன்னார் என்று அந்த அம்மா ஆவலாகக் கேட்டார்.  மகன் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னான். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துபோனது. எழுந்து உள்ளே ஓடி, ஒரு டப்பாவில் உருண்டைகளை அடுக்கி எடுத்துவந்து இவர் முன்னால் வைத்தார். என்ன சொன்னாய் என்று மகனைக் கேட்டேன்.

"வாசனையிலேயே வயிறு நிறைஞ்சிடுச்சுன்னு அப்பா சொன்னார்னு சொன்னேன்."

கிளம்பும்போது டப்பாவை இவர் படிக்கட்டுக்குக் கீழே இருந்த குப்பைத்தொட்டியில் போட்டார். மகன் பார்த்துக்கொண்டே நின்றான், தடுக்கவில்லை.

கல்யாணம் நாங்கள் இல்லாமலே அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் நடந்தது. எங்களுக்கு மறுநாள் போட்டோ வந்தது. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் எங்க சம்மதிச்சேன்?" என்று தயாராக வைத்திருந்ததைச் சொன்னார். கேட்பதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன். மகன் அவரிடம் சண்டைக்கு வரவில்லை, ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்கிறான். முன்பெல்லாம் எடுத்ததும், "சாப்ட்டீங்களாப்பா?" என்றுதான் ஆரம்பிப்பான். திருச்சியில் பிறந்தவனுக்குப் போனில் முதல் வார்த்தையே அதுதானே. என்னிடம் இப்போதும் கேட்கிறான், என்ன குழம்பு என்றுகூடக் கேட்கிறான். அவரிடம் மாத்திரை போட்டீங்களா, பிரஷர் பார்த்தீங்களா, அங்கே மழையா என்று எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்பான். அந்த ஒன்றை மட்டும் கேட்பதில்லை. அந்த மேஜையிலிருந்து எழுந்த பிறகு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

போன வாரம் பேச்சு முடிகிற நேரத்தில் இவராகவே, "இப்பத்தான்ப்பா சாப்ட்டேன்" என்றார். அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் கட்டாகவில்லை, அவன் மூச்சு விடுவது ஸ்பீக்கரில் கேட்டது. எனக்கு இவர்மேல் இரக்கம் வரவில்லை.

"வத்தக்குழம்பு" என்றார் இவர்.

"வெச்சிடறேன்ப்பா" என்றான்.