கோகிலவாணி கேட்காத பர்மிட்

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் இருக்கிறது. ஒரு மேசை, நாலு நாற்காலி, மூன்று செல்போன். நடத்துகிறவள் கோகிலவாணி. ஜவ்வரிசியோ கோழித்தீவனமோ, எந்த லோடை எந்த வண்டியில் ஏற்றுவது, எந்தப் பார்ட்டியை நம்பி அனுப்புவது என்று சொல்வதுதான் அவள் பிழைப்பு. கணவன் இறந்துபோனபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பொம்பளைக்கு எதற்கு லாரித் தொழில் என்று சிரித்த வாய்களே, பதினான்கு வருடம் கழித்து, அந்தப் பார்ட்டி எப்படி என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பின.

அவள் சோதிக்கிற விதம் லாரிக்காரர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். புதுப் பார்ட்டிக்கு முதலில் ஒரு சின்ன லோடு. இறக்கியபின் பாக்கி வாடகை சொன்ன நாளில் வந்தால் இன்னொரு லோடு. அதற்கும் வந்துவிட்டால், நல்ல பார்ட்டி. இந்தக் கணக்கு அதுவரை அவளை ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை.

அந்தக் கணக்குதான் மாதையனின் வயிற்றில் அடித்தது.

மாதையன் அவளுடைய சொந்த லாரிக்கு டிரைவர். பதினோரு வருடம். நாக்பூரில் சரக்கு இறக்கக் காத்துக்கிடந்த ஒரு மதியம், செல்போனில் ஒரு விளம்பரம் பார்த்தான். டாலர், தங்கம், கச்சா எண்ணெய் எல்லாவற்றிலும் வியாபாரம் செய்யலாமாம். பொருள் எதையும் வாங்க வேண்டாம். விலை ஏறுமா இறங்குமா என்று சொன்னால் போதும். ஆயிரம் போட்டால் லட்சத்துக்கு விளையாட விடுவார்களாம். அவன் அவசரப்படவில்லை, பாவம். ஊருக்கு வந்ததும் நேராக அவளிடம்தான் வந்தான்.

"நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்கக்கா. நீங்க செரின்னா போடறேன். இல்லீன்னா உட்டர்றேன்."

கோகிலவாணி தன் வழக்கப்படி பார்த்தாள். பத்தாயிரம் போட்டாள். இரண்டே நாளில் பதினோராயிரத்து நானூறாகத் திருப்பி எடுத்தாள். முப்பதாயிரம் போட்டாள். அதுவும் லாபத்தோடு வங்கிக்கு வந்தது. அந்தக் கம்பெனியிலிருந்து கிஷோர் என்று ஒருவன் தினமும் கூப்பிட்டான். நல்ல தமிழ், தேன் போன்ற குரல், வார்த்தைக்கு வார்த்தை மேடம். இரண்டு லோடு, இரண்டு பாக்கியும் வந்தாயிற்று. "நல்ல பார்ட்டிதான் மாதையா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி மாதையன் நாலு லட்சத்து அறுபதாயிரம் போட்டான். ராசிபுரத்தில் ஒருவர் விற்கவிருந்த பழைய பத்துச்சக்கர லாரிக்கு முன்பணமாகச் சேர்த்த காசு அது. டிரைவர் மாதையன் லாரிக்காரர் மாதையன் ஆவதற்கு அவனிடம் இருந்த ஒரே வழி. செல்போன் திரையில் அது ஒன்பது லட்சமாக வளர்ந்தது. எடுக்கப் போனபோது, முதலில் வரியாக ஒன்றே முக்கால் லட்சம் கட்டுங்கள் என்றார்கள்.

கோகிலவாணிக்கு அப்போதுதான் உறைத்தது. பணம் தர வேண்டியவன் பணம் கேட்கிறான். பதினான்கு வருடத்தில் எந்தப் பார்ட்டியும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. கட்டாதே என்று மாதையனைத் தடுத்து, நாமக்கல் சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுக்க அழைத்துப்போனாள். அங்கிருந்த பெண் அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். இந்த வியாபாரத்துக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி உள்ள கம்பெனியா என்று பார்த்தீர்களா?

பார்க்கவில்லை. ஆர்.சி. இல்லாத, பர்மிட் இல்லாத லாரியில் ஒரு மூட்டை ஏற்ற விடாதவள், இவர்களிடம் ஒரு தாளும் கேட்கவில்லை. வந்த பணத்தைப் பார்த்தாள். தூண்டிலில் மாட்டுகிற புழுவும் மீனுக்கு வருமானம்தான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அதிகாரி பட்டியலைத் திறந்து காட்டினார். ரிசர்வ் வங்கி எச்சரித்திருந்த பெயர்களில் அந்தக் கம்பெனியின் பெயரும் இருந்தது. தேடியிருந்தால் ஐந்து நிமிட வேலை! அவமானத்தில் அவள் முகம் எரிந்தது.

மறுநாள் கிஷோர் கூப்பிட்டான். லாரித் தொழிலில் இருப்பவர்கள் ஐந்து பேரைச் சேர்த்துவிட்டால் மாதையனின் கணக்கைத் திறந்துவிடுவதாகச் சொன்னான். பக்கத்தில் நின்ற மாதையனின் காதிலும் அது விழுந்தது. முடியாது என்று அவள் போனை வைத்ததும், பதினோரு வருடம் எதிர்த்துப் பேசாத மனிதன் வெடித்தான்.

"அஞ்சு பேரத்தானுங்க கேக்கறான். உங்களுக்குத் தெரிஞ்சவங்க ஐநூறு பேரு. சேர்த்துவுட்டா என் லாரி எனக்கு வந்துரும்."

"அவங்க லாரி போயிருமே மாதையா."

"உங்க காசு திரும்பி வந்துருச்சு. அதனால உங்களுக்கு நாயம் பேச வருது."

சாவியை மேசைமேல் எறிந்துவிட்டுப் போனான்.

அந்தச் சொல் அவளைச் சுட்டது. உண்மைதானே? அவளுக்கு லாபமாக வந்த காசு எவன் வயிற்றிலிருந்து பிடுங்கியது? எந்தத் தாலிக்கொடி அதில் உருகியது? அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை. பசித்தால்தானே.

ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லில் லாரி உரிமையாளர்கள் கூட்டம். டீசல் விலை பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேடையேறி மைக்கை வாங்கினாள். தன் முட்டாள்தனத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் கணிப்பு ஒன்றைத்தவிர விற்பதற்கு வேறு எதுவும் இல்லாதவள், அதையே நடு மண்டபத்தில் போட்டு உடைத்தாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவே கிஷோருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மைக்கருகில் பிடித்தாள். ஐந்து பேருக்குச் சம்மதம் என்றாள்.

"ரொம்ப சந்தோஷம் மேடம்" என்றது தேன் குரல். "உங்க பேரைச் சொல்லி ஏற்கெனவே ஏழு பேர் வந்துட்டாங்க. லாரிக்காரங்க ஈஸி மேடம். நீங்க நல்ல பார்ட்டின்னு சொன்னா கண்ணை மூடிட்டுப் போடறாங்க."

சிரிப்பு நின்றது. ஏழு பேர்! அவள் போனை அணைத்தாள். மாதையனிடம் சொன்ன ஒரு வார்த்தை டீக்கடை டீக்கடையாக, வண்டி வண்டியாகப் போயிருக்கிறது.

மூன்றாம் வரிசையில் அப்புசாமி எழுந்தார். மூன்று லாரி வைத்திருப்பவர். முந்தின நாள் சாயந்திரம் இரண்டு லட்சம் அனுப்பியிருந்தார். "கோகிலா சொல்லீட்டா அப்புறம் என்ன பாக்கறதுன்னு போட்டனுங்க" என்றார், யாரையும் பார்க்காமல். அவளைத் திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பாள்.

அழ நேரமில்லை. "சைபர் போலீசு நம்பரு 1930க்குப் போன் போடுங்க. இப்பவே. இங்கயே" என்றாள். அப்புசாமியின் பணத்தில் பெரும்பகுதி ஏதோ ஒரு வங்கிக் கணக்கில் தேங்கியிருந்தது. அதை முடக்கிவிட்டதாக மறுநாள் போலீசில் சொன்னார்கள். மாதையனின் பணம் எப்போதோ கைமாறிப் போயிருந்தது. ராசிபுரத்து லாரியை ஆத்தூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த மாதம் அவள் ஆபீசுக்குப் பாதி லோடுகூட வரவில்லை. மாதையனின் வீட்டுக்கு மூன்று முறை போனாள். மூன்று முறையும் அவன் மனைவிதான் வெளியே வந்து, இல்லை என்றாள். நாலாவது முறை வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே கேட்கும்படி பேசினாள். பைனான்ஸ் கம்பெனியில் பேசிவிட்டதாகவும், தன் லாரியை ஈடு வைத்து, தானே ஜாமீன் நிற்பதாகவும் சொன்னாள். திருச்செங்கோட்டில் ஒரு வண்டி இருக்கிறது, எஞ்சின் சுத்தம், தானே பார்த்துவிட்டதாகவும் சொன்னாள்.

மாதையன் வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது. கோபம் துளியும் இறங்கவில்லை.

"ஜாமீன் போடுங்க. மாட்டேங்கல. மாசாமாசம் தவணைய நான் கட்டிப்போடுவேன்." கொஞ்சம் நிறுத்தினான். "வண்டிய மட்டும் நீங்க பாக்க வேண்டாம். நானே பாத்துக்கறேனுங்க."

அவள் தலையாட்டினாள். பதினான்கு வருடத்தில் முதல்முறையாக, என்ன வண்டி என்று கேட்காமலே ஜாமீன் தாளில் கையெழுத்துப் போட்டாள்.