பதினான்கு சக்கர நாற்காலிகள் வாங்கியவர்

பதினான்காவது சக்கர நாற்காலியைப் பெற்றுக்கொள்ளும்போது அவர் புகைப்படக்காரரிடம் சொன்னது: "கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க தம்பி. தலைவர் கண்ணாடியில வெளிச்சம் பட்டு அடிக்குது பாருங்க." புகைப்படக்காரர் இரண்டடி நகர்ந்தார். விளக்கு மின்னியது. சங்கத் தலைவர் கைப்பிடியை விட்டதும், இவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் மேடைக்குப் பின்னால் நிறுத்தினார். மூன்று படிகளையும் ஒரே தாவலில் இறங்கி, இரண்டாவது வரிசையில் ஆடிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் காலுக்கடியில் அட்டையை மடித்துச் செருகினார்.

அவர் கால்களில் ஒரு குறையும் இல்லை. அன்று காலை நூற்றிருபது நாற்காலிகளை மாடிக்கு ஏற்றிய கால்கள் அவை. நாற்காலி, மேசை, ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது தொழில். வயது ஐம்பத்து மூன்று. இந்தச் சேவைச் சங்கத்தின் கூட்டங்களுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர்தான் நாற்காலி போடுகிறார். அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. படத்துக்குக் கீழே அச்சாகும் சொல்லே பெயராகிவிட்டது. "பயனாளி வந்தாச்சா? மைக் வேலை செய்யுதான்னு பாக்கச் சொல்லு."

எல்லாம் ஒரு பேருந்து பழுதானதில் தொடங்கியது. மூன்று சக்கர வண்டி பெறவேண்டியவர் வழியில் மாட்டிக்கொண்டார். தலைமையகத்திலிருந்து வந்த விருந்தினருக்கோ ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மைக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து யாரோ, "ஒரு நிமிஷம் வந்து நில்லுப்பா" என்றார்கள். அந்த ஒரு நிமிடம் இன்னும் முடியவில்லை.

சங்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. பொருள்கள் போகவேண்டியவர்களிடம் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. சிக்கல் படத்தில்தான். உண்மையான பயனாளிகளுக்குப் படத்தில் நிற்கத் தெரிவதில்லை. கேமராவை விட்டுவிட்டுப் பொருளையே பார்க்கிறார்கள். பிரேக் பிடிக்குமா என்று விசாரிக்கிறார்கள். ஒரு பெண்மணி தையல் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஊசி எங்கே?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

இவர் அப்படியல்ல. "பல்லு தெரியக் கூடாது. தெரிஞ்சா, இவனுக்கென்ன குறைச்சல்னு நெனச்சுடுவாங்க. அழவும் கூடாது. நான் அழுதா தலைவர் முகத்தை எவன் பாப்பான்?" கைகளுக்கும் இலக்கணம் உண்டு. கொடுப்பவர் கை மேலே. வாங்குபவர் கை கீழே, உள்ளங்கை தெரியும்படி. "கை ஒரே மட்டத்துல இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து மேசை தூக்குற மாதிரி இருக்கும் சார்."

ஒலிபெருக்கிப் பெட்டியின் அடியில் காலர் நைந்த சட்டைகள் இரண்டும், ஓர் ஊன்றுகோலும், ஒரு கறுப்புக் கண்ணாடியும் எப்போதும் இருக்கும். வெள்ள நிவாரணம் என்றால் இரண்டு நாள் தாடி. கல்வி உதவி என்றால் முகம் மழித்து, தலை வாரி வருவார். "படிப்புன்னா அப்பா மாதிரி தெரியணும்ல?"

சங்கச் செயலாளர் பல் மருத்துவர். ஒவ்வோர் ஆண்டும் படங்களைத் தேதிவாரியாக ஒட்டி, ஆல்பமாகத் தலைமையகத்துக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. அந்த ஆல்பங்களால் சங்கத்துக்குச் 'சிறந்த சேவைக்கான கேடயம்' ஒன்பது முறை கிடைத்திருக்கிறது. எங்கள் பத்திரிகையும் இவர் படத்தை நான்கு முறை வெளியிட்டிருக்கிறது, நான்கு வெவ்வேறு குறைகளுடன்.

இத்தனை படங்கள் எடுத்துக்கொண்டவரின் மகளிடம் தன் சேவையைக் காட்ட ஒரே ஒரு படம்கூட இல்லை என்பதில்தான் வம்பு ஆரம்பித்தது.

மகள் வேதியியல் படித்தவள். நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும், அப்பாவின் நாற்காலி வண்டியில் கண்ணாடிக் குப்பிகளை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகக் குழாய்த் தண்ணீரைச் சோதித்து வருகிறாள். இரண்டு தெருக்களில் சாக்கடை கலப்பதைக் கண்டுபிடித்து, நகராட்சி அலுவலகத்துக்குப் பதினேழு முறை நடந்து, குழாயை மாற்ற வைத்தாள். சங்கத்தின் வெளிநாட்டுக் கல்வி உதவிக்கு விண்ணப்பித்தாள். கடல் கடந்து இரண்டு வருடம் குடிநீர்த் தூய்மை பற்றிய மேற்படிப்பு. முழுச் செலவும் சங்கத்துடையது. படித்து முடித்து ஊருக்கே திரும்பிச் சேவை செய்யவேண்டும். அவளுக்கென்றே எழுதியது போன்ற திட்டம். விண்ணப்பம் கேட்டது: 'சேவைக்கான புகைப்படச் சான்று இணைக்கவும்.' அவள் தண்ணீர்ச் சோதனை முடிவுகளை எழுதிவைத்த நான்கு நோட்டுகளை இணைத்தாள். தேர்வுக் குழுவினர் முகம் சுளித்தாலும், கடைசி மூவரில் அவளைச் சேர்த்தார்கள்.

விண்ணப்பத்தில் குடும்பப் படம் ஒன்றையும் ஒட்டவேண்டியிருந்தது. தலைமையகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு ஆல்பங்களைப் பார்த்தார். கடிதம் வந்தது. 'விதி ஒன்பது: சங்கத்தின் உதவி பெற்ற குடும்பத்தினர் விண்ணப்பிக்க இயலாது. தங்கள் தந்தை இதுவரை பதினான்கு சக்கர நாற்காலிகள், எட்டுத் தையல் இயந்திரங்கள், ஒரு கண் அறுவை சிகிச்சை…' பட்டியல் மறுபக்கமும் தொடர்ந்தது. பத்து நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் பெயர் நீக்கப்படும்.

மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்தார். "ஏங்க, வீட்டுல முந்நூறு நாற்காலி இருக்கு. ஒண்ணுலயாவது சக்கரம் இருக்கா?"

"நான் என்னத்தக் கண்டேன்? நில்லுன்னாங்க, நின்னேன்."

"எட்டு மெஷினு வாங்கின மனுஷன் சட்டையில பட்டன் தைக்க நான் எதிர்வீட்டுல ஊசி கேட்டு நிக்கிறேன். நிக்கிறதுக்குன்னே பொறந்தவருய்யா நீங்க."

மகள் சனிக்கிழமைக்கான குப்பிகளைக் கழுவத் தொடங்கினாள். அதுதான் அவரை அதிகம் குத்தியது. மறுநாள் காலை கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைவரின் டைல்ஸ் கடைக்குப் போனார். மகளும் உடன் போனாள். செயலாளர் ஏற்கெனவே அங்கே இருந்தார்.

"எதையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோகலைன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க சார். போதும்."

தலைவர் சாம்பிள் டைல் ஒன்றைத் துடைத்தார். "எழுதலாம்ப்பா. எழுதினா ஒன்பது கேடயத்தையும் திருப்பிக் கொடுக்கணும். உன் பொண்ணு ஜெயிச்சா பத்தாவதும் நமக்குத்தான். எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

"விதி ஒன்பதுல ரெண்டாவது வரி ஒண்ணு இருக்கு சார்," என்றாள் மகள். சங்கம் சக்கர நாற்காலிகளை இரவலாகவும் தருவதுண்டு. அதற்காகச் சேர்த்த வரி. "உதவியைத் திரும்ப ஒப்படைத்த குடும்பங்களுக்கு இது பொருந்தாது."

"வாங்காததை எப்படிம்மா திருப்பித் தருவீங்க?" என்றார் செயலாளர்.

பயனாளியின் முகம் தெளிந்தது. இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் பேசியது. "எப்படி வாங்கினேனோ அப்படித்தான் டாக்டர். அடுத்த வாரம் கொடுக்கிறதுக்கு ஒரு நாற்காலி வந்திருக்குல்ல? நான் தர்றேன், தலைவர் வாங்கட்டும். ஒரு படம்."

"கண் ஆபரேஷன்?"

"கறுப்புக் கண்ணாடி போட்டு நின்னேன். அந்தக் கண்ணாடி என் பெட்டியிலதான் இருக்கு."

மகளுக்கு மனம் ஒப்பவில்லை. "பொய்ப் படத்தால போனது பொய்ப் படத்தாலயே வரணுமாப்பா?"

"நான் நின்னது பொய்யி. நீ எழுதின நோட்டு பொய்யா? அதை நேர்ல கேக்கவாவது அவங்க உன்னைக் கூப்பிடணும்ல?"

அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். "அந்த நாற்காலி யாருக்குன்னு சொல்லுங்க. படம் எடுத்ததும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்."

அன்று மாலையே சங்க மண்டபத்தில் விளக்குகள் எரிந்தன. அவர் நைந்த சட்டையை எடுக்கவில்லை. மகளின் பட்டமளிப்புக்குப் போட்ட சட்டையைப் போட்டிருந்தார். சக்கர நாற்காலியின் இருக்கையில் இரவல் தையல் இயந்திரம் ஒன்றும், அதன்மேல் கறுப்புக் கண்ணாடியும் இருந்தன. அவர் ஒரு கைப்பிடியில் கையை மேலாக வைத்தார். மறு கைப்பிடியில் தலைவரும் கையை மேலாகவே வைத்தார்.

"தலைவர் சார், நீங்க வாங்குறீங்க," என்றார் புகைப்படக்காரர்.

"வாங்கிட்டுத்தானே இருக்கேன்?"

"கொடுக்குற மாதிரியே இருக்கு சார்."

தலைவர் கையை எடுத்தார், மாற்றினார், முழங்கையை மடக்கினார். கை மறுபடி மேலேயே போய் உட்கார்ந்தது. மூன்று முறை விளக்கு மின்னியும் படம் தேறவில்லை. மகள் வாசலில் வண்டியின் சாவியோடு நின்றிருந்தாள்.

அவர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்தார். தலைவரின் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கை தெரியும்படி மெல்லத் திருப்பிக் கைப்பிடிக்குக் கீழே வைத்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பல்லு தெரியக் கூடாது சார்."

'பெற்ற உதவிகள் திரும்ப ஒப்படைக்கப்பட்டன' என்ற குறிப்போடு படம் மறுநாள் தபாலில் போனது. தலைமையகத்திலிருந்து வந்த பதில்படி, மகளுக்கு நேர்காணல் வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, அதே மண்டபத்தில். ஒன்பது மணிக்குள் பன்னிரண்டு நாற்காலிகள் போடச் சொல்லியிருக்கிறார்கள்.