சாச்சியின் சட்டைக் கை

போன வியாழக்கிழமை ஒரு சட்டையைப் பார்ப்பதற்காகச் சிலாபத்தில் ரயிலேறிக் கொழும்புக்குப் போனேன். சிரிக்காதீர்கள். முழங்கால் வலியோடு, உட்கார இடமில்லாத ரயிலில், அதுவும் நானே தோய்த்து அயர்ன் பண்ணிய சட்டையைப் பார்க்க!

மேடத்தின் படங்களில் வந்த உடுப்புகளைக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள் என்று மகள் போனில் காட்டினாள். மேடம் பழைய நாவல்களை மட்டும் படமாக எடுத்தவள். ‘எடுத்தவர்’ என்றுதான் சொல்ல வேண்டும், வாய் வரவில்லை. டைரக்ஷனும் அவள், உடுப்பும் அவள். வெள்ளைக்காரன் காலத்துக் கதையில் ஒரு பிளாஸ்டிக் பொத்தானைக் கண்டுவிட்டால் போதும், படப்பிடிப்பை நிப்பாட்டிவிட்டுக் கதிரையில் போய் உட்கார்ந்துவிடுவாள். அவளிடம் பதினொரு வருஷம் உடுப்புக்காரியாக இருந்தேன்.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றதும் மூக்கு தானாகத் தேடியது. பூச்சி உருண்டையும் கருவாடும் கலந்த வாசம், அதுதான் என் சாச்சியின் அலுமாரி வாசம். கண்ணாடிக்கு வெளியே எங்கே வரப்போகிறது? ஏசி குளிர்தான் வந்தது.

சாச்சி என் உம்மாவின் தங்கச்சி, கண்டக்குழியில் வீடு. அவ புருஷன், எங்கள் சாச்சா, கடலுக்குப் போய் மூன்றாம் நாள் உயிரில்லாமல் கரையொதுங்கினார். அந்த வருஷம்தான் மேடம் முத்துக்குளிப்புக் கதை ஒன்றைப் படமெடுக்க எங்கள் பக்கம் வந்தாள். பக்கத்து ஊர் எத்தாளையில் ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு கவுன் தைத்துக் கொண்டிருந்த என்னைப் பிடித்து நாற்பது சட்டை தைக்கச் சொன்னாள். எனக்கு இருபத்திரண்டு வயது. சினிமா என்றால் வாயைப் பிளக்கிற வயது, பிளந்தேன்.

புதுத் துணியைப் பழசாக்க மற்றவர்கள் தேயிலைச் சாயத்தில் முக்குவார்கள். மேடத்துக்கு அது பிடிக்காது. “உடுத்துத் தேயணும். வேர்வை படணும், உப்புத் தண்ணி படணும். ஊர்ச் சனத்துக்குக் குடுங்க, ஒரு மாசம் உடுக்கட்டும், பிறகு வாங்குவோம். திருப்பி எடுப்போம்னு மட்டும் சொல்லாதீங்க, சொன்னா பத்திரமா உடுப்பாங்க.”

நானும் வீடு வீடாகக் கொடுத்தேன், சொல்லாமல். அது நோன்பு மாசம். நோன்பில் ஒருத்தி புது உடுப்போடு வாசலில் வந்து நின்றால் எங்கள் சனம் என்ன நினைக்கும்? அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது மண்டையில் ஏறவில்லை பாருங்கள். எல்லாரும் “அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்” என்று வாங்கி, மடித்து, பெருநாளுக்கென்று அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

பெருநாளன்று மேடம் வேனில் வந்து இறங்கினாள். கண்டக்குழித் தெரு முழுக்க நூறு வருஷத்துக்கு முந்திய சனம், மடிப்புக் கலையாத சட்டையோடு வட்டிலப்பம் சாப்பிட்டுக் கொண்டிருந்தது. “ஒரு மாசம் மண்ணாப் போச்சு” என்றாள் என்னிடம். “நாளைக்கே எல்லாத்தையும் வாங்குங்க.”

வாங்கினேன். “பெருநாள் உடுப்பத் திருப்பிக் கேட்டு வந்த ஆள இண்டைக்குத்தான் கண்டன்” என்றார் ஒரு மீன்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

சாச்சி வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். புருஷன் மவுத்தானதற்கு நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள் இத்தா இருந்து முடித்து, அவ வெளியே வந்த முதல் பெருநாள் அது. நான் தைத்தது முழங்கை வரைக்கும்தான். பழைய காலத்து அளவு என்று மேடம் சொன்னபடி. கை மறையவில்லை என்று சாச்சி, சாச்சாவின் நீலக் கட்டச் சாரனை வெட்டி, மணிக்கட்டு வரைக்கும் ஒட்டுப்போட்டிருந்தா. எறும்பு ஊர்ந்த மாதிரிச் சின்னச் சின்னத் தையல்.

“சட்டயக் கொண்டு போ புள்ள. கைய மட்டும் பிரிச்சுத் தாறன். சாச்சாட சாரன்ல கிழியாம இருந்த துண்டு அது மட்டுந்தான்.”

“நேரமில்ல சாச்சி. படம் முடிய நானே கொண்டுவந்து தாறன்.”

மேடம் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியதை அன்றுதான் கண்டேன். “யார் இதச் செஞ்சது?”

“நான்தான் மேடம்.”

அந்த ஒரு சொல்லுக்குத்தான் பதினொரு வருஷ வேலை. பிறகு ஒரு விருது மேடையில் அந்தக் கை தன்னுடைய யோசனை என்று மேடம் சொன்னாள். கீழே இருந்து கை தட்டினேன், வயிறெரிய. சட்டை அவளுடைய பெட்டிக்குள் போனது போனதுதான். ஒரு தரமாவது கேட்டேனா? இல்லை. கேட்டால் ஏனென்று கேட்பாளே.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் சாச்சிக்குத் துணி கொண்டு போவேன். “திருப்பிக் கேக்க மாட்டியே?” என்று சிரித்துக்கொண்டே கேட்பா. வாங்கவே மாட்டா. மவுத்தாகும் வரைக்கும் வாங்கவில்லை. அவ வீடு இருந்த இடத்தில் இப்போது வெளிநாட்டுக்காரர் தங்குகிற லாட்ஜ்.

கண்ணாடிக்குக் கீழே எழுதியிருந்தது: ‘சட்டைக் கையின் இந்த ஒட்டு, இயக்குநரின் நுண்ணிய கற்பனைக்குச் சான்று.’ பக்கத்தில் படமெடுத்துக் கொண்டிருந்த பிள்ளையின் தோளைத் தொட்டு, “மகள், இது பொய். இந்தக் கைய அவ தைக்கல்ல” என்றேன்.

“அப்ப யாரு ஆன்ட்டி தைச்சது?”

சாச்சியின் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“நான்தான்” என்று வந்தது.

அந்தப் பிள்ளை சந்தோஷமாக என்னை அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தது.