ரோஸ்லின் டீச்சர் தட்டிய கதவு

செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் தலைமையாசிரியை வகுப்பு வாசலில் வந்து நின்றார். "ரோஸ்லின் போயிட்டாங்க டீச்சர்" என்றார். கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கை என்னால் முடிக்க முடியவில்லை. சிவகாசியில் ஒரே பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். அவர் தமிழ், நான் கணக்கு. சிறுநீரகம் கெட்டு, நாற்பத்தாறு வயதில் போய்விட்டார்.

இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு மாரியம்மாளை நினைவிருக்கும். மூன்று நாளாக வீட்டுப்பாடம் எழுதாமல் வந்ததற்காக அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை ரோஸ்லின் ஸ்கேலால் அடித்தார். விஸ்வநத்தம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் அவள் அம்மா தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடப்பது அன்று மாலைதான் எங்களுக்குத் தெரிந்தது. மறுநாள் வகுப்பு முழுவதும் பார்க்க, ரோஸ்லின் அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

"பிள்ளைக முன்னாடி இப்படி நின்னா, நாளைக்கு எவ மதிப்பா?" என்று கோபப்பட்டேன்.

"காலையில முழங்கால் போட்டேன், ஜெபமே வரல டீச்சர். அவகிட்ட சரி பண்ணாம ஆண்டவர்கிட்ட என்னத்தச் சொல்ல?" என்றார்.

அம்மா இறந்ததும் மாரியம்மாள் படிப்பை நிறுத்திவிட்டாள். முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து ரோஸ்லின் அவள் வீட்டுக்குப் போனபோது நானும் போனேன். அப்பா கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"மதம் மாத்த வந்திருக்கீகளா?"

"இல்லண்ணே. உங்க மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட வந்தேன்."

"அவ வந்துட்டா சோறு யாரு பொங்க?"

நான் திரும்பிவிட்டேன். ரோஸ்லின் தொடர்ந்து ஆறு ஞாயிறு போனார். ஆறாவது ஞாயிறுக்கு மறுநாள் அப்பாவே அவளைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் பேசல" என்றார் ரோஸ்லின்.

கடைசி வாரம் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். "எப்ப வாரீக?" என்றார். விடைத்தாள் கட்டு கிடந்தது. சனிக்கிழமை வருகிறேன் என்றேன். அந்தச் சனிக்கிழமைக்கு அவர் இல்லை. இதை எந்த முகத்தோடு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில், இப்போது கல்லூரியில் படிக்கும் மாரியம்மாள் அப்பாவோடு நின்றாள். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "எங்க வீட்டுச் சட்டி பானையெல்லாம் வெளக்கி, சோறு பொங்கி வச்சுட்டு, எம்மவளை உக்காத்திப் பாடஞ் சொல்லிக் குடுத்தாக. ஒரு நாளும் சாமிப் பேச்சு எடுக்கல" என்றார். அத்தனை வருடம் அருகில் இருந்தும் எனக்குத் தெரியாது.

ரோஸ்லினுடைய வகுப்பு இப்போது என் பொறுப்பில். வருகைப்பதிவு எடுக்கும்போது, ஒரு பெயரைக் கூப்பிட்டு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் அடுத்த பெயருக்கு அவர் போகமாட்டார். ஜெபம் எனக்கு வராது. அந்தப் பார்வையை மட்டும் வைத்துக்கொண்டேன். நாற்பத்திரண்டு முகங்கள். பாதியிலேயே கண்ணீர் என் கண்ணை மறைத்துவிடுகிறது. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.